வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு சதுரம்

எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்து நான் பார்த்தது இந்த முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் நாற்காலியில் இல்லை, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல். அந்த ஒரு தடவையைச் சொல்ல வேண்டுமென்றால் அவரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் பேத்தி தூங்குகிற நேரமாகப் பார்த்துதான் எழுதுகிறேன். பிறந்து இரண்டு மாதம் ஆகப் போகிறது. அவள் கண் முழித்துவிட்டால் பேனா கீழே போய்விடும், அதை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது.

அவர் வேலை பார்த்தது லாரி எடை மேடையில். சுமையோடு லாரி ஏறி நிற்கும், எடை எடுப்பார். சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்து மறுபடி ஏறி நிற்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு. மற்ற மேடைகளில் வெறும் வண்டியின் எடையை ஒரு தரம் எடுத்தால் வருடம் முழுக்க அதையே போட்டுக்கொள்வார்கள். இவரிடம் அது நடக்காது. நேற்று டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, இன்றைக்கு எவ்வளவு, டயரில் சேறு ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று கேட்பார். நான் ஜல்லி லாரி ஓட்டினவன். அவருடைய மேடையில் நான் காத்துக் கிடந்த நேரத்தையெல்லாம் சேர்த்து வைத்தால் இன்னொரு பிள்ளையைப் பெற்று வளர்த்திருக்கலாம். மனசுக்குள் அவரைத் திட்டாத நாள் கிடையாது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தேன். முதல் நாள் காலையில் கதவைத் திறந்தால், எதிர்வீட்டு வாசலில் நின்று அளவு நாடாவை நீட்டி கேட்டை அளந்துகொண்டிருக்கிறார் அதே மனுஷன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தெருவில் நாற்பது வீடு. நாற்பதும் ஒருத்தரே கட்டி விற்றவை, ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி. வாசல், ஜன்னல், படி எல்லாம் ஒன்று. எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்துக் கொடுத்தார்கள். முதல் வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் சாயங்காலம் களைத்துப்போய் வந்து நேராக உள்ளே நுழைந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணி கொண்டு வா என்றிருக்கிறார். பேக்கரிக்காரம்மா தண்ணீரைக் கொடுத்துவிட்டு, குடிச்சு முடிச்சதும் நீங்க யாருன்னு சொல்லுங்க என்றாளாம். அன்றைக்குப் பிடித்தது எங்கள் தெருவுக்கு இந்த நிறப் பைத்தியம்.

ஆனால் எந்த நிறம்? கடை அட்டையில் பார்த்தது சுவரில் வேறாக இருக்கும். காலையில் பார்த்தது சாயங்காலம் வேறாகும். அப்போது எதிர்வீட்டுக்காரர்தான் ஒரு வழி சொன்னார். வாங்குகிற பெயிண்டில் முதலில் கையகலம் ஒரு சதுரம் வெளிச்சுவரில் அடியுங்கள். ஒரு மழை பார்க்கட்டும், ஒரு வெயில் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் முழுச் சுவருக்கும் அடியுங்கள் என்றார். சுமையோடு ஒரு எடை, வெறுமையாக ஒரு எடை என்பதுதான் வேறு வேஷத்தில் வந்தது. சரி, சொந்தச் சுவரில் சதுரம் போட்டுக்கொண்டு ஒரு வருடம் யார் திரிவது? அவர் வீட்டு முன்சுவர் நல்ல வெயில் விழுகிற சுவர், அதுவரை முழுசாக வேறு நிறம் அடிக்காத சுவர். எல்லோரும் அங்கே கொண்டுபோய் அடித்தோம். சதுரத்துக்குக் கீழே வீட்டு எண்ணையும் மாதத்தையும் பென்சிலில் அவரே எழுதுவார். அதிலிருந்து அவர் சாம்பிள்காரர் ஆகிவிட்டார்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நாங்கள் பிழைத்தோம். பேக்கரிக்காரம்மா ஆசைப்பட்ட அடர்நீலம் ஒரே கோடையில் சுண்ணாம்பு பூத்து வெளிறியதை அங்கேதான் பார்த்தாள். மேற்கே பார்த்த சுவருக்கு இருட்டு நிறம் அடித்தால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும் என்று அவர் டிரைவிங் ஸ்கூல்காரரைத் தடுத்தார். மழை முடிந்து அடிக்கலாமா என்று கேட்டால், சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் ஒட்டி ஒரு ராத்திரி விடு, காலையில் உள்பக்கம் வியர்த்திருந்தால் கை வைக்காதே என்பார். மேஜை டிராயர் இறுகினால் அடிப்பலகையில் மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொல்வார். நாற்காலி ஆடினால் ஆணி அடிக்க விடமாட்டார். பழைய பசையை வெந்நீர் விட்டுச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து, சைக்கிள் டியூபைக் கீறி வாராக வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு நாள் அசையாமல் வைப்பார். நாற்காலிதான் அசையாமல் இருக்கும், அவர் இருக்கமாட்டார். காலில் சுடுதண்ணியைக் கொட்டிக்கொண்ட மாதிரி தெருவில் மேலும் கீழும் நடப்பார். சட்டைப்பையில் அளவு நாடா டிக் டிக் என்று திறந்து மூடும். கொடுத்த டீயை மதில்மேல் வைத்துவிட்டு மறந்துபோவார். எந்த மதிலில் எந்த டம்ளர் இருக்கிறதென்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

எல்லாம் சரி. அவர் வீட்டுச் சுவர் மட்டும் அப்படியே நின்றது. நாற்பத்தொரு சதுரம், ஒன்று பச்சை, ஒன்று சாம்பல், ஒன்று மஞ்சள், இடையிடையே அழுக்கு வெள்ளை. உங்களுக்கு எந்த நிறம் என்று கேட்டால், இன்னும் ரெண்டு சதுரம் வெயில் பார்க்கணும் என்பார். வீட்டுக்குள்ளே அதைவிட மோசம். நாலு நாற்காலியும் மேஜைமேல் கவிழ்ந்து டியூப் சுற்றிக் கிடக்கும். அதில் மூன்று அடுத்தவர் வீட்டுடையது.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவர். தையல் மிஷினுக்கு முன்னால் உள்ள ஸ்டூல் ஒன்றுதான் அந்த வீட்டில் நம்பி உட்காரக்கூடியது. திரை தைக்கக் கொடுப்பவர்கள் போனில் வழி கேட்பார்கள். வீடு என்ன நிறம்மா என்பார்கள். தெருமுனையில கேட்டுட்டு வாங்க என்பார் அண்ணி. எங்கள் தெருமுனையில் கேட்டால், ஒட்டுப்போட்ட வீடா, அதோ என்று கை காட்டுவார்கள். கிழிசல் தெரியாமல் தைப்பதே தொழிலாக உள்ள ஒருத்தருக்கு அந்தப் பேர் எப்படி இருந்திருக்கும் என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. நாங்களும் சிரித்தோம்.

என் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிய சமயத்தில் ஒரு நாள் காலை, அண்ணி என்னுடைய சின்ன லோடு வண்டியைக் கேட்டார். லாரியை விட்டபிறகு நான் வைத்திருப்பது அதுதான். தங்கச்சி வீட்டுக்குப் போகணும் தம்பி என்றார். ரெண்டு மணி நேர வழி. ஒரு பெட்டியைத்தான் ஏற்றப் போகிறோம் என்று நினைத்தேன். தையல் மிஷினை முன்னால் வைத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிஷினை எடுத்துக்கொண்டு போகிறவர் விருந்துக்குப் போகிறவர் இல்லை.

சாம்பிள்காரர் கேட்டருகே நின்றார். அண்ணி சத்தம் போடவில்லை.

"ஊருல எல்லாரு வீட்டுக்கும் நிறம் சொல்றீங்க. என் வீடு என்ன நிறம்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? இந்தச் சுவரு என்னைக்கு ஒரே நிறமா ஆகுதோ, அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. வரேன்."

அவர் வாயைத் திறந்தார். ஒரு மழை என்று ஆரம்பித்திருப்பார் போல. அண்ணி வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியாது. சுவரைத் தொட்டாரா என்றால் இல்லை. எங்கள் வீட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். என் மகள் குழந்தையாகத் தூங்கிய தொட்டில் கட்டில் அது, பரணில் கிடந்து ஒரு கால் ஆட்டம் கண்டிருந்தது. பேத்திக்காக இறக்கினேன். மூன்று தடவை ஒட்டினார், மூன்று தடவையும் பிரித்தார். பெயிண்ட் அடிக்காதே, பிள்ளை மரக்கம்பியைக் கடிக்கும், மெழுகு மட்டும் போடு என்று எனக்குக் கட்டளை. தேய்த்துத் தேய்த்து மரம் கண்ணாடியாகிவிட்டது. அவர் கை அதைத் தேய்க்கும், கண் எதிர்ச்சுவரில் இருக்கும்.

பேத்தி பிறந்தாள். நான் என்ன சொல்வேன், அந்த விரல்களைப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. பதினைந்தாம் நாள் திங்கட்கிழமை என் மகள் அண்ணிக்குப் போன் செய்தாள். அவளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவரே அண்ணிதான். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பேசிவிட்டு வந்து எங்களிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் பிள்ளையைப் பார்க்க வருகிறாராம். ஒரு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாராம்.

"உங்க வீட்டுக்குப் போகமாட்டீங்களா பெரியம்மான்னு கேட்டேன்ப்பா. சுவரு ஒரே நிறமா இருந்தா ரோட்டைத் தாண்டுவேன், இல்லன்னா ஒரு மணி பஸ்ஸுன்னுட்டாங்க."

எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு இடையில் இருபது அடி ரோடு. நான் போய்ச் சாம்பிள்காரரிடம் சொன்னேன். அளவு நாடா டிக்கென்று மூடிக்கொண்டது. மறுபடி திறக்கவில்லை.

ஆறு நாள். செவ்வாய்க்கிழமை தெருவே அங்கே கூடிவிட்டது. புத்தி சொல்லக் கேட்க வேண்டுமா, எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் சாம்பல் நிறம் என்றார், புழுதி தெரியாதாம். பேக்கரிக்காரம்மா கிரீம் நிறம் என்றாள், கண்ணுக்குக் குளிர்ச்சியாம். சாம்பல் அடிச்சா போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும் என்று அவள் சொல்ல, கிரீம் அடிச்சா உங்க கடை கேக்குன்னு ஈ மொய்க்கும் என்று அவர் சொல்ல, புதன்கிழமை முழுக்க இதிலேயே போய்விட்டது. சாம்பிள்காரர் நடுவில் நடந்துகொண்டே இருந்தார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்.

கடைசியில் என் வீட்டுக்காரிதான் வாசலில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். "நிறத்தை அப்புறம் பாருங்க. மேடும் பள்ளமுமா இருக்கற சதுரத்தையெல்லாம் முதல்ல தேயுங்க. இல்லன்னா எதை அடிச்சாலும் அதுக்குள்ள ஒட்டு தெரியத்தான் போகுது." சமையலறைச் சுவரை எனக்குத் தெரியாமல் தானே அடித்து முடித்தவள் அவள், விஷயம் தெரியும். எத்தனையோ பேருக்கு இதையே சொன்ன சாம்பிள்காரர் அன்றைக்குத்தான் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

வியாழக்கிழமை காலை அவரும் நானும் ஆளுக்கொரு உப்புத்தாளோடு இறங்கினோம். மழமழவென்றிருந்த எண்ணெய்ப் பெயிண்ட் சதுரங்களை அவர் சுரண்டியால் எடுத்தார். நான் என் வீட்டுப் பச்சையில் ஆரம்பித்தேன். நம்முடையதை நாமே அழிப்பதுதானே மரியாதை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அடித்த கிளிப்பச்சை. என் வீடு இன்றும் அதே நிறம்தான். நடுவில் தேய்த்தேன். பச்சை மெலிந்தது. அடியில் வெள்ளை வரும் என்று பார்த்தால் வேறென்னவோ வந்தது. இன்னும் தேய்த்தேன். ஒரு ரூபாய் அளவு, அப்புறம் உள்ளங்கை அளவு. இளஞ்சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. வெங்காயத்தின் மேல்தோலை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம்.

அவர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த வீட்டுது?"

குனிந்து பென்சில் எழுத்தைத் தேடினார். என் வீட்டு எண் மட்டும்தான் இருந்தது. நாடாவை எடுத்தார், எதை அளப்பதென்று தெரியாமல் பையில் போட்டார். அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்துவிட்டது. உப்புத்தாள் பிடித்த கை அப்படியே நின்றது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் பிரஷ்ஷோடு வந்தபோது, கைக்கு எட்டுகிற உயரத்தில் காலி இடம் இல்லை. எங்கள் சதுரங்களுக்கெல்லாம் முந்தியதாக, லேசாக வெளிறிய ஒரு சதுரம் மட்டும் எண் எழுதாமல் இருந்தது. அண்ணி வாசல்படியில் நின்று நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். தம்பி, அந்த எடத்துலயா என்றார். இதுல பேரே எழுதல அண்ணி, யாரோடதும் இல்லை என்று சொல்லிவிட்டு நான் பச்சையை இழுத்துவிட்டேன். அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வருடங்களில் அவர் வீட்டு முன்ஜன்னலில் ஒரு திரை தொங்கும். வெங்காயத் தோல் நிறத் திரை. சுவருக்குப் பொருத்தமாக முன்கூட்டியே தைத்து வைத்திருந்திருக்கிறார். நான் பச்சை அடித்த வருடம்தான் அதைக் கழற்றினார்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்க மாட்டேன். பேக்கரிக்காரம்மா வேறு பக்கத்தில் நின்றாள். ஆனால் இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"அண்ணே, இது உங்க வீட்டுது. அண்ணி போட்ட சதுரம். இந்தச் சுவத்துல விழுந்த முதல் சதுரமே இதுதான். நான்தான் தெரியாம மேல அடிச்சிட்டேன்."

அவர் கால் எதையோ தேடிற்று. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த டப்பாவின் மேல் உட்கார்ந்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தெருவில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மெல்லத்தான் சொன்னார்.

"வீட்டுக்கு வந்த புதுசுல கேட்டா. ஒரு மழை ஒரு வெயில் போகட்டும்னேன். போச்சு. அதுக்குள்ள பக்கத்துல உங்களோடது ஒண்ணொண்ணா வந்துச்சு. அதுங்களையும் பார்த்துடலாம்னு நெனச்சேன்." நிறுத்தினார். "ரெண்டாவது தடவை அவ கேக்கல தம்பி. கேக்கலன்னு நான் கவனிக்கல."

வெள்ளிக்கிழமை விடியும்போதே அவர் அந்தச் சதுரத்தின் ஓரத்தில் நகம் அளவு ஒரு பொருக்கைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துப் பெயிண்ட் கடைக்கு ஓடினார். கடைக்காரர் நாலு தடவை கலக்கினார். நாலாவது தடவைதான் சரி என்றாராம் இவர். டப்பா வந்தது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மீதிச் சதுரம் எல்லாவற்றையும், இடையிலிருந்த வெள்ளையையும் தேய்த்து எடுத்தோம், அண்ணியுடையதை மட்டும் விட்டுவிட்டு. மூக்கு, காது, இமை எல்லாம் தூசி. என்னைப் பிள்ளை பக்கத்தில் விடவில்லை என் மகள். குளித்துவிட்டு வந்தபிறகும் மோந்து பார்த்துத்தான் கையில் கொடுத்தாள். நாலு மணிக்குச் சுவர் பழைய சிமெண்டுப் பூச்சு தெரிய மொழுமொழுவென்று நின்றது. சனிக்கிழமை பிரைமர், மத்தியானம் ஒரு கோட்டு, சாயங்காலம் இன்னொன்று. முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டோம்.

நாலரைக்கு மழை பிடித்தது. பெயிண்ட் இல்லாத வெறும் பூச்சு, தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடித்தது.

சனிக்கிழமை காலை, சாம்பிள்காரர் ராத்திரி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எல்லோருமாகப் போய்ப் பார்த்தோம். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது. வெயில் வந்தது. பதினோரு மணிக்குப் பார்த்தோம், வியர்த்திருந்தது. ஒரு மணிக்கும் அப்படியே. பேக்கரிக்காரம்மா கடையிலிருந்து பெரிய மின்விசிறியைத் தூக்கி வந்து சுவருக்கு நேரே ஓடவிட்டாள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சாம்பிள்காரர் சுவரைத் தொடுவார், கையைக் கன்னத்தில் வைப்பார், நடப்பார், மறுபடி தொடுவார்.

மூன்று மணிக்கு டிரைவிங் ஸ்கூல்காரருக்குப் பொறுமை போய்விட்டது. மேலால ஒரு கோட்டு இழுத்துவிடலாம், நாளைக்கு ஒரு நாள் நின்றால் போதும், பார்த்துவிட்டு அண்ணி உள்ளே வந்துவிடுவார், உரிந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பிருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. நானே டப்பாவைத் திறந்தேன். குச்சி விட்டுக் கலக்கினேன். பிரஷ்ஷை எடுத்துச் சாம்பிள்காரர் கையில் வைத்தேன். அடிங்கண்ணே என்று கெஞ்சினேன்.

அவர் தோய்த்தார். தூக்கினார். சொட்டு ஒன்று செருப்பில் விழுந்தது. சுவருக்கும் பிரஷ்ஷுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. அப்புறம் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அவகிட்ட பொய் எடை போட முடியாது தம்பி."

நான் கோபத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த மனுஷன் எடை மேடையிலிருந்து இறங்கவே மாட்டான், ஒரு மணி பஸ்ஸுக்கு இப்போதே டிக்கெட் வாங்கி வைக்கலாம் என்று என் வீட்டுக்காரியிடம் கத்தினேன். பிள்ளை முழிச்சிடும், மெதுவா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி பஸ்ஸில் அண்ணி வந்தார். கையில் ஒரு பை, அவ்வளவுதான். ரோட்டின் எங்கள் பக்கமாகவே நடந்து வந்து நேராக உள்ளே நுழைந்தார். எதிர்ப்பக்கம் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பேத்தியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். மூக்கு பெரியம்மாவைக் கொண்டிருக்கு என்று என் மகள் இல்லாத உறவைச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். தைத்துக் கொண்டுவந்த நாலு குட்டிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். அண்ணி தொட்டில் கட்டிலின் காலைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. கம்பியைத் தடவினார். யார் ஒட்டினது என்று கேட்கவில்லை.

பன்னிரண்டே முக்கால் ஆனது. பையை எடுத்தார். நான் பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே போனேன். பஸ் நிறுத்தம் இடது பக்கம். எதிரே சாம்பிள்காரர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். பேக்கரிக்காரம்மா ஜன்னலிலும் டிரைவிங் ஸ்கூல்காரர் ஜன்னலிலும் திரை அசைந்தது.

அண்ணி நின்றார். பெயிண்ட் இல்லாத வெறும் பூச்சுச் சுவர். நடுவில் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரே ஒரு சதுரம். பச்சை முழுக்கப் போய்ச் சுத்தமாக இருந்தது. இடது பக்கம் போக வேண்டிய கால் ரோட்டில் இறங்கிற்று. பாதி ரோட்டில் நின்றுகொண்டு கேட்டார்.

"ஒரே நிறம்னு சொன்னேன்."

"ஈரம் காயல" என்றார் அவர். "இன்னும் நாலு நாளு. மழை வந்தா ஆறு. டப்பா வாங்கி வச்சிருக்கேன்."

அண்ணி மீதி ரோட்டையும் கடந்தார். சதுரத்துக்குக் கீழே புதிதாகப் பென்சிலில் எழுதியிருந்தது. அவர்கள் வீட்டு எண். பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு மாதம். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது ஒரு மழை ஒரு வெயில் பார்த்துடுச்சா?"

"பதினோரு மழை பார்த்துடுச்சு."

"ரெண்டுதான்" என்றார் அண்ணி திரும்பாமலே. "மீதி ஒம்போதும் தம்பியோட பச்சைக்கு அடியில தூங்கிட்டு இருந்துச்சு."

எனக்குத் தலை தானாகக் குனிந்தது. பேரு எழுதலையே அண்ணி, தெரியாமத்தான் என்று இழுத்தேன்.

"சொந்த வீட்டுக்கு யாரு தம்பி பேரு எழுதி வைப்பாங்க?"

ஒரு மணி பஸ் வந்தது. வழக்கம்போல இரண்டு தரம் ஹாரன் அடித்தது, நின்றது, போயிற்று. அண்ணி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"நாலு நாளும் நான் இங்கயேதான் இருக்கணும். இல்லன்னா எவனாவது பிரஷ்ஷோட வந்து இன்னொரு சதுரம் போட்டுடுவான்." உள்ளே எட்டிப் பார்த்தார். "உக்கார எதுவும் இருக்கா, இல்ல எல்லாம் கவுந்துதான் கெடக்கா?"

கவிழ்ந்துதான் கிடந்தது. என் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள் காலை நானும் அவரும் லோடு வண்டியில் போய் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்தோம். போகிற வழியெல்லாம் சுவர் காய்ந்திருக்குமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வருகிற வழியில் கேட்கவில்லை, கயிறு இறுகியிருக்கிறதா என்று நாலு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். சுவர் ஐந்தாம் நாள் காய்ந்தது. அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க, அவரே இரண்டு கோட்டும் அடித்தார். யாரையும் பிரஷ் தொட விடவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் பேத்தி தூங்குகிற அறைக்கு ஜன்னல் திரை தைத்தாக வேண்டும், சாயங்கால வெயில் அவள் முகத்தில் அடிக்கிறது. நேற்று அண்ணி துணிகளைக் கொண்டுவந்து கட்டில்மேல் விரித்துப் போட்டார். இளமஞ்சள் ஒன்று, வெளிர்நீலம் ஒன்று. எது நல்லா இருக்கும் என்று என் மகள் கேட்டாள். சாம்பிள்காரர் வாசலில் நின்றபடி இரண்டையும் பார்த்தார், நாடாவை எடுத்தார், ஒரு வெயில் என்று ஆரம்பித்தார்.

அண்ணி கத்திரிக்கோலோடு நிமிர்ந்து பார்த்தார்.

"மஞ்சள்" என்றார் அவர்.